வல்லைப் பாலத்தில் ஆறாம் கோடு

என் தம்பியிடம் நான் சொன்ன பொய்களில் ஒன்றே ஒன்றுதான் இன்றும் உறுத்துகிறது. வல்லைப் பாலத்துக்கும் நெல்லியடிச் சந்திக்கும் இடையில் பஸ் ஓடும் கால்மணி நேரத்துக்குள் தீர்மானித்து, இறங்கியதும் சொன்ன பொய் அது. நாலரை என்று சொல்ல வேண்டியதை ஆறு என்று சொன்னேன்.

அவன் எனக்கு நான்கு வயது இளையவன். மூன்று வயதில் அவனுக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. காய்ச்சல் விட்டபோது இடது கால் முழுவதும், வலது காலில் முழங்காலுக்குக் கீழும் சோர்ந்துவிட்டன. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். அம்மாவுக்குத் தோட்டத்தில் வேலை. பள்ளிக்கூடத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். அவனுடைய எட்டு வயதில் ஒரு நாள், பாதி வழியில், "தூக்கினது காணும், இறக்கிவிடு" என்றான். ஒரு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு, மறுகையில் தடியுடன், தானே நடந்தான். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனோம். அடுத்த நாளிலிருந்து முன்கூட்டியே புறப்பட்டோம். அவனைப் பொறுத்தவரை காரியம் அத்துடன் முடிந்தது. தூக்கிப் பழகிய எனக்கு அது முடியவில்லை.

அறுபதுகளில் அவன் நெல்லியடியில் ஒரு றேடியோ திருத்தும் கடையில் வேலை பார்த்தான். உட்கார்ந்து செய்யும் வேலை. தடியை ஊன்றியே வளர்ந்ததால் அவனுடைய தோளும் கையும் ஒரு தச்சருடையவை போலிருக்கும். நான் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பித்தேன். காலையும் பின்னேரமும் என் பஸ் வல்லைப் பாலத்தைக் கடக்கும்.

வகுப்பில் நான், யாழ்ப்பாணத்தில் ஆறுகள் இல்லை என்றுதான் படிப்பித்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் காணியின் மேற்கு எல்லைக்கு அப்பால் கிடந்த நீரேரியை ஊரில் எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். கோடையில் அது சேறும் உப்புமாக வற்றிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். தொண்டைமானாற்றில், அது கடலில் சேரும் இடத்தில், பாலத்தின் கீழே பலகைக் கதவுகள் உண்டு. கடலின் உப்புத் தண்ணீர் உள்ளே வராதிருக்க அவற்றை மூடி வைத்திருப்பார்கள். மழைத் தண்ணீர் ஏறி வயல்கள் அமிழத் தொடங்கினால் திறப்பார்கள். வருடம் முழுவதும் அசையாமல் கிடந்த தண்ணீர் அப்போது ஓடும். வல்லையிலிருந்து நாலு மைல் தூரம் வடக்கே இழுத்துக்கொண்டு போய், கதவுகளுக்குள்ளால் நுரைத்து, கடலில் விழும். அந்த இரண்டு மூன்று வாரம் எங்களிடம் உண்மையாகவே ஓர் ஆறு இருந்தது.

பாடசாலை நூல்நிலையத்தில் கழித்துவிட்ட பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் சிலவற்றை ஒரு தவணை முடிவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றில் ஒன்றில் ஒரு படம் இருந்தது. மலையாற்றின் வெள்ளை நுரைக்கு நடுவே, ஒடுங்கிய சிறு தோணி ஒன்றில் ஒரு மனிதன். இடுப்புவரை தோணியின் மூடிக்குள் புதைந்திருந்தான். கையில் இரண்டு முனையிலும் அகலமான துடுப்பு. தம்பி அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தான்.

"இந்தாளுக்குக் கால் இருக்கோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வருடத்துக்குள் தோணி வந்துவிட்டது. மூங்கில் சட்டம் கட்டி, படங்கு எனும் கித்தான் துணி போர்த்து, தார் பூசியது. கடைக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தவர் அவனுடைய கூட்டாளி. படங்கை அவர்தான் தைத்தார். தோணி இரண்டு பேர் தூக்கக்கூடிய பாரம். முதல் தடவை அவன் அதை அசைவில்லாத தண்ணீரில் விட்டபோது அம்மாவும் நானும் கரையில் நின்றோம். துடுப்பை நாலைந்து முறை வலித்து அவன் நடு ஆற்றுக்குப் போய்விட்டான். திரும்பினான். மறுபடி போனான். கரையில் நின்ற எங்களைவிட அவன் விரைவாக நகர்வதை அன்றுதான் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன். அம்மா வெள்ளிக்கிழமைகளில் ஆற்றங்கரைச் சந்நிதி கோயிலுக்குப் போவது கூடியது.

அவனுடைய எண்ணம் அசைவில்லாத தண்ணீரில் இல்லை. கதவு திறந்திருக்கும் காலத்தில், எங்கள் காணிக் கரையிலிருந்து புறப்பட்டு, ஓட்டத்தோடு போய், கதவுக்குள்ளால் கடலில் வெளிப்பட வேண்டும். அதைத்தான் அவன் அந்தப் படத்தில் கண்டிருந்தான்.

அவசரக்காரன் இல்லை அவன். றேடியோவைத் திருத்துவதைப் போலத்தான் இதையும் செய்தான். ஆவணியில் வல்லைப் பாலத்தின் கீழ் தண்ணீர் வற்றிக் கிடந்தபோது, தையல்கடைக்காரர் அவனைச் சைக்கிளில் ஏற்றிப் போனார். பஸ் யன்னலிலிருந்து தெரியக்கூடிய ஒரு தூணில், கீழிருந்து மேலாக ஓர் அடிக்கு ஒரு கோடாக, வெள்ளைப் பெயின்ரால் ஆறு கோடுகள் போட்டார்கள். வந்து என்னிடம் சொன்னான்.

"அக்கா, நீ ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் தாண்டுறாய். எந்தக் கோட்டிலை தண்ணி நிக்குது எண்டு பாத்துச் சொன்னாக் காணும்."

அந்த மாரிக்காலம் முழுவதும் பார்த்துச் சொன்னேன். அவன் ஒரு கொப்பியில் எழுதினான். வல்லையில் எத்தனை கோடு நின்றபோது தொண்டைமானாற்றில் எத்தனை கதவு திறந்திருந்தது, காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி என்று பக்கத்தில் குறித்துக்கொண்டான். கடல் பக்கத்துச் செய்தி ஒரு மீன்பிடிகாரரிடமிருந்து வந்தது. தொண்டைமானாற்றுக்காரர், நாற்பது வயது இருக்கும். கடைக்கு றேடியோ திருத்தக் கொண்டுவந்து பழக்கமானவர். தம்பியின் திட்டத்தைக் கேட்டு அவர் சிரிக்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. நானும் கடையில் இருந்த ஒரு பின்னேரம் அவர் சொன்னது நினைவிருக்கிறது.

"கதவாலை வெளிக்கிடுறது பெரிய வேலையில்லைத் தம்பி. வெளிக்கிட்ட பிறகுதான் அலுவல். உள்தண்ணி வெளியாலை தள்ளும், வாடைக்காத்து கடலை உள்ளாலை தள்ளும். ரெண்டும் முட்டுற இடத்திலை தண்ணி எழும்பி நிக்கும். காத்து அடங்கி விழுந்து ரெண்டு நாளாகவேணும். ரெண்டு கதவுக்கு மேலை திறந்திருந்தா வராதை."

"எந்தப் பக்கம் பிடிக்கிறது?" என்று தம்பி கேட்டான்.

"இடப்பக்கம். வலப்பக்கம் கல்லுக் கிடக்கு. நான் வெளியிலை கட்டுமரத்தோடை நிப்பன். நீ கவிண்டாலும் என்ரை பக்கம்தான் வருவாய்."

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து திட்டம் உருவானது. தண்ணீர் நாலாம் கோட்டுக்கும் ஐந்தாம் கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கதவின் அடிக்கட்டில் தோணி உரசிக் கிழியும். ஏறினால் பாலத்தின் அடிப்பாகம் தலையில் தட்டும். கதவு இரண்டு மட்டும். காற்று விழுந்து இரண்டு நாள். கடையில் இருந்தபடி அவன் இலங்கை வானொலியிலும் திருச்சி வானொலியிலும் வானிலை அறிக்கை கேட்பான். இரண்டும் ஒத்துச் சொன்னால் நம்பலாம், வேறுபட்டால் வெளியே போய் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பான்.

முதல் மாரியில் எல்லாம் ஒன்றுகூடி வரவில்லை. இரண்டாம் மாரியில் வந்தது. கார்த்திகை மாதக் கடைசி, ஒரு வியாழக்கிழமை, தொண்டைமானாற்றிலிருந்து ஆள் மூலம் செய்தி வந்தது: இரண்டு கதவு திறந்திருக்கிறது, காற்று விழுந்துவிட்டது, சனிக்கிழமை காலை நல்லது. வானொலிகள் இரண்டும் அதையே சொல்லின. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கொண்டுவரும் எண் மட்டுந்தான் மிச்சம்.

அன்று பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். பாலத்தில் எதிரே ஒரு லொறி வந்ததால் பஸ் நின்றது. தூணைப் பார்த்தேன். நாலுக்கும் ஐந்துக்கும் சரி நடுவில் தண்ணீர். அவன் இரண்டு வருடம் காத்திருந்த அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்பக்கமிருந்து ஒரு கன்றுக்குட்டி மிதந்து வந்தது. செத்த கன்று. தூணில் முட்டிப் புரண்டது. நாலு காலும் ஒரு கணம் மேலே தெரிந்தன. பிறகு கீழே போய்விட்டது. நான் எழுந்து மறுபக்கத்து யன்னலால் பார்த்தேன். பஸ் எடுக்கும் வரையும் அது வெளியே வரவில்லை.

பக்கத்தில் இருந்த பெண், "என்ன ரீச்சர், ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

நெல்லியடியில் இறங்கிக் கடைக்குப் போனேன். பின்பக்கம் திறந்த ஒரு றேடியோவுக்கு முன்னால் அவன் இருந்தான். கொப்பி மேசையில் விரித்தபடி இருந்தது. தையல்கடைக்காரரும் வாசலில் நின்றார்.

"எவ்வளவு?" என்றான்.

"ஆறு," என்றேன். "ஆறும் தாண்டப்போகுது."

அவன் என்னைப் பார்த்தான். நீண்ட நேரம் இல்லை.

"சரி," என்றான். கொப்பியில் ஆறு என்று எழுதி மூடி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தான். தையல்கடைக்காரர், "அடுத்த கிழமை பாப்பம்" என்று சொல்லிப் போய்விட்டார். தம்பி மறுபடி றேடியோவுக்குள் குனிந்தான். நான் வீட்டுக்கு நடந்தேன். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போலிருந்தது. அந்த இரவு நன்றாக நித்திரை கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வெயில் எறித்தது. காற்றே இல்லை. தம்பி காலையில் வழமைபோல் கடைக்குப் போனான். பின்னேரம் திரும்பி வந்தபோது காற்சட்டையின் கீழ்ப்பக்கம் சேறாக இருந்தது. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவன் கிணற்றுக் கட்டின்மேல் சாய்ந்து நின்றுகொண்டான்.

"வல்லைக்குப் போனனான்," என்றான். "தண்ணி நாலரையிலை நிக்குது."

"வடிஞ்சிருக்கும்," என்றேன்.

"ஆறாம் கோட்டிலை சிலந்திவலை கிடக்குது. நனையேல்லை."

நான் குனிந்தபடியே இருந்தேன். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்லியிருப்பேன், எல்லாம் ஒரு வழியாக முடிந்திருக்கும்.

"இனி நீங்கள் பாத்துச் சொல்லவேண்டாம்," என்றான். "மினக்கேடு."

பிறந்ததிலிருந்து அவன் என்னை நீ என்றுதான் சொல்லி வந்தான். அன்றைக்கு நீங்கள் ஆனேன். அதில் கோபம் தெரியவில்லை, மரியாதைதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்த ஒரு ரீச்சரிடம் கதைப்பது போல அதன் பிறகு என்னிடம் கதைத்தான். அம்மா அதைக் கவனித்தார். என்ன நடந்தது என்று ஒருமுறை கேட்டார். நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு மழை தொடங்கியது. எல்லாக் கதவுகளையும் திறந்தார்கள். அந்த வருடத்துச் சந்தர்ப்பம் போய்விட்டது. அடுத்த மாரி பொய்த்தது. கதவு திறக்கத் தேவையே வரவில்லை. தோணி மாட்டுக்கொட்டிலின் வளை மரத்தில் கட்டித் தொங்கியது.

அதற்கடுத்த மாரியில் நான் பழக்கத்தினால் தூணைப் பார்ப்பதுண்டு. கோடுகள் மங்கியிருந்தாலும் தெரிந்தன. மூன்று, மூன்றரை, நாலு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். கேட்பதற்கு ஆள் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் பாலத்தில் ஏறியபோது தண்ணீர் ஐந்தாம் கோட்டைத் தொட்டு நின்றது. முதல்நாள் பின்னேரம் நாலுதான் இருந்தது. இரவு தெற்கே நல்ல மழை பெய்திருக்க வேண்டும். தண்ணீர் மண் நிறமாக, சருகும் நுரையும் சுமந்து போயிற்று. இன்னும் ஏறப்போகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. இன்றைக்கு ஒருவரும் இதில் இறங்கக்கூடாது என்று நினைத்தேன். நினைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போய், மூன்றாம் பாடத்தில் பருவக்காற்றைப் பற்றிப் படிப்பித்தேன்.

பின்னேரம் நெல்லியடியில் இறங்கியபோது றேடியோக் கடை பூட்டியிருந்தது. தையல்கடைக்காரர் என்னைக் கண்டதும் தைப்பதை நிறுத்தி எழுந்து வந்தார்.

"ரீச்சர், பதறாதையுங்கோ. உயிருக்கு ஒண்டுமில்லை. மந்திகை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோட்டினம்."

"என்ன நடந்தது?"

"காலமை ஆத்திலை போனவன். நேத்துப் பின்னேரம் நான்தான் வல்லையாலை வரேக்கை பாத்தனான். நாலு எண்டு சொன்னனான். நாலுதான் நிண்டது ரீச்சர்." அவருடைய குரல் உடைந்தது. "நான் பொய் சொல்லேல்லை."

நாலுதான் நின்றது என்று எனக்கும் தெரியும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மந்திகைக்குப் போனேன்.

தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் ஒரு வெட்டு, தையல் போட்டிருந்தது. கட்டிலடியில் அம்மா இருந்தார். அந்த மீன்பிடிகாரர் சுவரோரம் நின்றார். அவருடைய சாரம் உப்பேறிக் காய்ந்திருந்தது.

அவர்தான் சொன்னார். விடிய இரண்டு கதவுதான் திறந்திருந்தது. எட்டு மணியளவில் தண்ணீர் ஏறுகிறது என்று மூன்றாவதையும் திறந்தார்கள். தம்பியைத் தடுக்க அவர் கரையால் ஓடி வந்தார். அதற்குள் தோணி சந்நிதியைத் தாண்டிவிட்டது. கூப்பிட்டும் கேட்காததால் கட்டுமரத்துக்குத் திரும்பி ஓடினார். இடப்பக்கக் கதவுக்குத்தான் தம்பி வந்தான், சரியாகத்தான் வந்தான். ஆனால் பாலத்தின் அடிப்பாகம் நெற்றியில் தட்டியது. வெளியே வந்தபோது மூன்று கதவுத் தண்ணீரும் சேர்ந்து தோணியை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கல்லில் சாத்தியது. தோணி முறிந்தது. தோள்பட்டை எலும்பும் முறிந்தது.

"தண்ணிக்குள்ளை ரெண்டு மூண்டு நிமிஷம் கிடந்திருப்பான்," என்றார். "நான் பிடிக்கேக்கை ஒத்தைக் கையாலை நீந்திக்கொண்டுதான் இருந்தவன்."

அம்மாவைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமோ இவன் போறது?"

"ஓம். நான்தான் தோணியைத் தள்ளிவிட்டனான்," என்றார் அம்மா. "உனக்குச் சொல்லவேண்டாமெண்டு சொன்னவன்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நான் வெளியே வந்து, தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணக்கு எனக்கு விளங்கிவிட்டது. நான் பொய் சொன்ன சனிக்கிழமை நல்ல நாள். இரண்டு கதவு, நாலரைக் கோடு, காற்றே இல்லை. அன்று போயிருந்தால் நனைந்த உடுப்போடு வீட்டுக்கு வந்திருப்பான். இன்று காலை ஏழு மணிக்கு ஐந்தாம் கோட்டைப் பார்த்த ஒரே ஆள் நான். வேண்டாம் என்று சொல்ல உரிமையுள்ள நேரத்தில் என் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கவில்லை. அதை அழித்தது நான்தான்.

எலும்பு பொருந்த ஆறு கிழமை, ஒன்றரை மாதம், எடுத்தது. பொருந்தியது கொஞ்சம் கோணலாகத்தான். வலது கையைத் தோளுக்கு மேலே உயர்த்த அவனால் அதன் பிறகு முடியவில்லை. தடியை இடது கைக்கு மாற்ற வேண்டி வந்தது. அதனால் நடையே மாறிப்போயிற்று. முதல் கிழமை சோறு குழைத்து வாயில் தீத்த முன்வந்தேன். வேண்டாமென்று இடது கையால் சாப்பிடப் பழகினான். பாதி கீழே சிந்தும். நான் பார்க்காதது போல இருக்கப் பழகினேன்.

கட்டு அவிழ்ப்பதற்குச் சில நாள் முன்பு, ஒரு பின்னேரம், அம்மா தோட்டத்தில் நின்றார். அவன் முற்றத்து மாமரத்தின் கீழ் கதிரையில் இருந்தான். நான் போய் எதிரே நிலத்தில் இருந்தேன்.

"அண்டைக்கு நாலரைதான் நிண்டது," என்றேன். "நான் பாத்தனான்."

"தெரியும்."

"பிறகேன் என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா அழுவியள்."

அப்போது நான் அழவில்லை. கன்றுக்குட்டியைப் பற்றிச் சொன்னேன். நாலு காலும் மேலே தெரிந்ததையும், மறுபக்கம் போய்ப் பார்த்தும் அது வராததையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"பயந்ததிலை பிழையில்லை," என்றான் கடைசியில். "எனக்கும் பயம்தான். பயமாக் கிடக்கு, போகாதை எண்டு சொல்லியிருந்தா, நாங்கள் சண்டை பிடிச்சிருப்பம். நான் போயிருப்பன், இல்லாட்டி நிண்டிருப்பன். நான் கேட்டது தண்ணியின்ரை அளவு. அதைக் கூட்டிச் சொன்னா நான் எதை வைச்சு யோசிக்கிறது?"

நான் நிலத்தில் கிடந்த மாஞ்சருகு ஒன்றை எடுத்துக் கிழித்தேன்.

"என்னை மற்ற ஆக்களெல்லாம் அப்பிடித்தான் நடத்திறவை," என்றான். "கடைக்கு வாற சனமும், சொந்தக்காரரும். பாவம் எண்டு உண்மையை ஒளிப்பினம். உங்களை நான் அந்தக் கூட்டத்திலை சேர்க்கேல்லை."

இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து கதையாத கதையை அன்று கதைத்து முடித்தோம். கதவுக்குள்ளால் போகும்போது எப்படி இருந்தது என்று பிறகு கேட்டேன். யோசித்தான். சத்தம் பெரிதாக இருந்தது என்றான். பாலத்தின் கீழ் திடீரென்று இருட்டி, உடனே வெளித்தது என்றான். "நெத்தியிலை அடிச்சது அப்ப தெரியேல்லை. வெளியாலை வந்தாக் கடல். அவ்வளவு பெரிசாக் கடலை நான் முந்திக் காணேல்லை." போனதற்காகக் கவலைப்படுகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

மறுபடி அவன் தோணி கட்டவில்லை. கட்டினாலும் அந்தக் கையால் துடுப்பு வலித்திருக்க முடியாது. இரண்டு வருடத்தில் சொந்தமாகக் கடை போட்டான், கலியாணம் செய்தான். தொண்டைமானாற்றுக்காரர் கலியாணத்துக்கு ஒரு பெரிய மீனோடு வந்து, மரக்கறிச் சமையல் என்று தெரிந்ததும் அதைத் திரும்பக் கொண்டு போனார். நீங்கள் என்பது எப்போது மறைந்து நீ திரும்பியது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கவனித்தபோது நீ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

எழுபதுகளின் நடுவில் அம்மாவுக்கு வயிற்றில் நோவு கண்டது. யாழ்ப்பாணத்தில் காட்டினோம். சோதனை முடிவு எடுக்க நானும், அம்மாவின் சகோதரரான மாமாவும் போனோம். டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, கட்டி பரவிவிட்டது, வெட்டிப் பயனில்லை, மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பஸ் நிலையத்தில் மாமா என்னிடம் சொன்னார்:

"தம்பிக்கு இதைச் சொல்லிப்போடாதை, பிள்ளை. வயித்திலை புண் எண்டு சொல்லுவம். அவன் ஏற்கெனவே ஏலாதவன். தாங்கமாட்டான்."

நான் தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. நெல்லியடியில் இறங்கி, மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனேன். தம்பி ஒரு வாடிக்கையாளரோடு கதைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவரை அரை மணித்தியாலம் கழித்து வரச் சொன்னான்.

"என்னவாம்?"

"புற்றுநோய். பரவியிட்டுது. வெட்டேலாதாம். மூண்டு மாதம்."

ஈயம் உருக்கும் கம்பியின் சுவிச்சை நிறுத்தினான். அது ஆறும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கோணியது. கையால் துடைத்துக்கொண்டான். நான் பக்கத்தில் வாங்கில் இருந்தேன். தொடவில்லை.

"அம்மாக்குத் தெரியுமோ?" என்றான்.

"இல்லை. மாமா சொல்லவேண்டாமெண்டு நிக்கிறார். உனக்கும் சொல்லவேண்டாமெண்டவர்."

அவன் கடையைப் பூட்டினான். வீட்டுக்கு அவனுடைய நடையில் அரைமணித்தியாலம். வழியில் யார் சொல்வது என்று கதைத்தோம். நான் சொல்கிறேன் என்றேன். இல்லை, இரண்டு பேரும் இருப்போம், அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வோம் என்றான்.

அம்மா கொட்டிலில் காய்ந்த மிளகாய் பொறுக்கித் தெரிந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாக வந்ததைக் கண்டு, பொறுக்குவதை நிறுத்தினார். நாங்கள் சொன்னோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெங்காயம் நட்டிருந்த தோட்டத்துப் பக்கம் பார்த்தார்.

"மூண்டு மாதமெண்டா வெங்காயம் கிண்டிப்போடலாம்," என்றார்.

இரவு தனியே அழுதார், எனக்குக் கேட்டது. காலையில் எழுந்து, தன் நகையில் எது யாருக்கு என்று சொன்னார். தன் தமக்கையோடு பத்து வருடமாகக் கதையாமல் இருந்தவர், ஆளனுப்பி அவரை அழைப்பித்தார். இருவரும் ஒரு பகல் முழுவதும் அறைக்குள் இருந்து கதைத்தார்கள். மாமா என்னோடு நெடுநாள் கோபமாக இருந்தார்.

வெங்காயம் கிண்டி அறுவடை செய்த அன்று அம்மாவால் நடக்க முடியவில்லை. கதிரையோடு தூக்கிப் போய் வரம்பில் வைத்தோம். யார் வெங்காயத் தாளை இறுக்கிக் கட்டவில்லை என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி காலடியில் நிலத்தில் இருந்து, இடது கையால் பிடி பிடியாகக் கட்டி அடுக்கினான். வெயில் ஏறியபோது நான் குடை பிடித்தேன். கிண்டி முடிந்து பதினொரு நாள் அம்மா இருந்தார்.